கைதியின் வழக்கு ஏன் பாதியில் செத்துப்போகிறது?

கேட்கப்பட்டது இது: "சிறைக் காவலர்கள் தாக்கினார்கள் என்று அமெரிக்கக் கைதி ஒருவர் ஃபெடரல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறார். 'வாதி வழக்கை நடத்தவில்லை' என்று இரண்டே பக்க உத்தரவில் தள்ளுபடி செய்துவிட்டார்கள். அப்படியானால் அவர் சொன்னது பொய் என்று தீர்ப்பாகிவிட்டதா? பூட்டிவைக்கப்பட்டிருக்கும் மனிதர் எங்கே போய்விடுவார்? அவர் எப்படி வழக்கை நடத்தாமல் இருக்க முடியும்?"

பொய் என்று தீர்ப்பாகவில்லை. அந்த உத்தரவில் கையெழுத்திட்ட நீதிபதி, காவலர் அடித்தாரா இல்லையா என்ற கேள்விக்குள் பெரும்பாலும் போயிருக்கவே மாட்டார். மருத்துவக் குறிப்பு, கேமரா பதிவு, சாட்சி எதுவும் அவர் மேசைக்கு வந்திருக்காது. அவர் பார்த்ததெல்லாம் ஒன்றுதான்: நீதிமன்றம் அனுப்பிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை, அல்லது கடிதமே திரும்பி வந்துவிட்டது.

நம் ஊர் முன்சீஃப் கோர்ட்டில் டவாலி வெளியே வந்து வழக்கு எண்ணையும் பெயரையும் மூன்று தடவை கூப்பிடுவார். ஆள் இல்லை, வக்கீலும் இல்லை என்றால் 'டிஃபால்ட்டில் போச்சு' என்பார்கள். அமெரிக்கக் கைதியின் வழக்கில் அந்தக் கூப்பாடு தபால் உறைக்குள் வருகிறது. உறை போய்ச் சேர்ந்ததா என்பதில்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதில் இருக்கிறது. அதற்குமுன் இந்த வழக்கு எந்தச் சட்டத்தில் பிறக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

1871ல் கொண்டுவந்த சட்டம் அது. உள்நாட்டுப் போர் முடிந்திருந்தது. தெற்கு மாநிலங்களில் கூ க்ளக்ஸ் க்ளான் கும்பல் கறுப்பின மக்களை வேட்டையாடியது. உள்ளூர் அதிகாரிகள் கண்டுகொள்ளவில்லை, சில இடங்களில் அவர்களே கூட்டாளிகள். மாநில அதிகாரி தன் பதவியின் பலத்தில் ஒருவரது அரசமைப்பு உரிமையைப் பறித்தால், பாதிக்கப்பட்டவர் நேராக ஃபெடரல் நீதிமன்றத்துக்கு வந்து நஷ்டஈடு கேட்கலாம் என்றது அந்தச் சட்டம். இன்று அது சட்டத் தொகுப்பில் 1983ஆம் பிரிவு. சிறைக்குள் இருப்பவர்கள் 'ஒரு நைன்டீன் எய்ட்டி த்ரீ போட்டிருக்கிறேன்' என்று சொல்வது இதைத்தான், வருடத்தை அல்ல. தொண்ணூறு ஆண்டுகள் ஏறக்குறைய தூங்கிக்கிடந்த இந்தப் பிரிவை, சிகாகோ போலீஸார் ஒரு கறுப்பினக் குடும்பத்தின் வீட்டுக்குள் புகுந்து நடத்திய அராஜகம் பற்றிய வழக்கில் 1961ல் உச்ச நீதிமன்றம் எழுப்பிவிட்டது. 1964ல், இல்லினாய் மாநிலத்தின் ஸ்டேட்வில் சிறையில் மத நூல்கள் தர மறுக்கப்பட்ட ஒரு முஸ்லிம் கைதியின் வழக்கில், கைதிகளும் இந்தப் பிரிவின்கீழ் வரலாம் என்றது.

அதற்குப்பின் வெள்ளம்தான். 1995ல் மட்டும் கைதிகள் போட்ட ஃபெடரல் சிவில் வழக்குகள் சுமார் 40,000. மொத்த ஃபெடரல் சிவில் வழக்குகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. மாநில அட்டர்னி ஜெனரல்கள் 'வேலையற்ற வழக்குகள்' என்று பட்டியல் போட்டுப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார்கள். அதில் மிகப் பிரபலமானது வேர்க்கடலை வெண்ணெய் வழக்கு: கேட்ட ரகம் வராமல் வேறு ரகம் வந்ததற்காக ஒரு கைதி கோர்ட்டுக்கு வந்துவிட்டாராம். நாடே சிரித்தது. இரண்டாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் (ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றங்களை அங்கே 'வட்டம்' வட்டமாகப் பிரித்திருக்கிறார்கள்) தலைமை நீதிபதியாக இருந்த ஜான் நியூமன் அந்த வழக்குக் கட்டை எடுத்துப் படித்தார். நடந்தது வேறு. சிறைக் கடையிலிருந்து தவறான ரகம் வந்தது. காவலர் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, சரியானது நாளை வரும் என்றார். அன்று சாயங்காலமே அந்தக் கைதியை வேறு சிறைக்கு மாற்றிவிட்டார்கள். பொருளும் வரவில்லை, கணக்கில் பிடித்த 2.50 டாலரும் திரும்பவில்லை. சின்னத் தொகைதான். ஆனால் சிறையில் 2.50 டாலர் சின்னத் தொகை இல்லை என்று நியூமன் எழுதினார். எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுவது அந்த 'அன்று சாயங்காலமே வேறு சிறைக்கு' என்ற பகுதி. மேலே படிக்கும்போது அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டியல் வேலை செய்தது. 1996 ஏப்ரலில் கிளிண்டன் கையெழுத்திட்ட சிறை வழக்குச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. கோர்ட்டுக்கு வருமுன் சிறைக்குள் இருக்கும் குறைதீர்ப்புப் படிகள் எல்லாவற்றையும் ஏறி முடிக்க வேண்டும். டெக்சாஸில் சம்பவம் நடந்து 15 நாளுக்குள் முதல் படி. ஏழைக் கைதி என்றாலும் கட்டணத் தள்ளுபடி கிடையாது, தவணைதான். வழக்கு உள்ளே வந்ததும், எதிராளிக்குச் சம்மன் போகுமுன்பே நீதிமன்றம் மனுவைச் சலித்துப் பார்க்கும். வக்கீலுக்குக் கிடைக்கக்கூடிய கட்டணத்துக்கும் உச்சவரம்பு வைத்துவிட்டதால், இந்த வழக்குகளைத் தொட வக்கீல்கள் தயங்குகிறார்கள். சிவில் வழக்கில் இலவச வக்கீல் உரிமையும் இல்லை. நீதிபதி ஒரு வக்கீலை 'தயவுசெய்து பாருங்கள்' என்று கேட்கலாம், கட்டாயப்படுத்த முடியாது என்று 1989ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆகவே பெரும்பாலான கைதிகள் தாங்களே எழுதி, தாங்களே வாதாடுகிறார்கள்.

இனி அந்தத் தபால்.

கைதி நீதிமன்றம் தரும் படிவத்தில் கையால் எழுதி அனுப்புகிறார். கூடவே தன் சிறைக் கணக்கின் ஆறு மாத வரவு செலவு. சில வாரமோ சில மாதமோ கழித்து, மனுவைச் சலித்துப் பார்த்ததன் முடிவாக ஒரு 'சலிப்பு உத்தரவு' வருகிறது: 'மூன்றாவது காவலர் என்ன செய்தார் என்று நீங்கள் சொல்லவில்லை, 30 நாளுக்குள் திருத்திய மனு போடுங்கள்.' கைதி போடவில்லை. அல்லது உத்தரவு போன உறையின்மேல் 'இங்கே இல்லை, போன இடத்தின் முகவரி தெரியவில்லை' என்று முத்திரை குத்தித் திரும்பி வருகிறது. அடுத்து, ஏன் தள்ளுபடி செய்யக் கூடாது என்று காரணம் கேட்டு ஒரு உத்தரவு. அதுவும் அதே பழைய முகவரிக்கே போகிறது, அதே முத்திரையோடு திரும்புகிறது. பிறகு, மாவட்ட நீதிபதிக்கு உதவியாக இருக்கும் மாஜிஸ்ட்ரேட் நீதிபதி தள்ளுபடிக்குப் பரிந்துரை எழுதுவார். ஆட்சேபம் சொல்ல 14 நாள். ஆட்சேபம் வராது. மாவட்ட நீதிபதி ஏற்றுக் கையெழுத்திடுவார். நீங்கள் பார்த்த இரண்டு பக்கம் அதுதான்.

கைதி எங்கே போனார்? பாதிப் பேர் கவுண்டி ஜெயிலில், அதாவது உள்ளூர் ஜெயிலில், விசாரணைக் கைதியாக இருந்தபோது எழுதியிருப்பார்கள். ஜாமீனில் வெளியே போயிருப்பார்கள், அல்லது தண்டனையாகி மாநிலச் சிறைக்கு மாறியிருப்பார்கள். (பாதி என்பது பேச்சுவழக்குப் பாதி, கணக்கெடுத்த பாதி இல்லை.) வெளியே போனவர்கள் சிலர் வீடு, வேலை, பரோல் அதிகாரி என்று ஓடுவதில் வழக்கை மறந்துவிடுகிறார்கள். வேண்டுமென்றே விட்டவர்களும் உண்டு. கோபத்தில் எழுதியது, கோபம் ஆறியதும் போகட்டும் என்று விட்டது. சிலர் பயந்து விடுகிறார்கள். யார்மீது வழக்கோ அவர் கையால்தான் தினமும் சாப்பாட்டுத் தட்டு வருகிறது. இவர்கள் எல்லோரையும் நீதிமன்றம் ஒரே பெயரில்தான் அழைக்கிறது: வழக்கை நடத்தாதவர்.

ஆனால் உள்ளேயே இருப்பவர்களின் கதை வேறு. இடமாற்றம் என்றால் விடியற்காலையில் எழுப்பி, கைவிலங்கு போட்டு, பஸ்ஸில் ஏற்றுவார்கள். முன்கூட்டிச் சொல்வதில்லை, தப்பிக்கத் திட்டம் போடுவார்களாம், பாதுகாப்புக் காரணம். உடைமைகள் பெட்டியில் கட்டப்பட்டுப் பின்னால் வரும், நாட்களிலோ வாரங்களிலோ. வழக்கு எண் எழுதிய காகிதம், கோர்ட் முகவரி, மனுவின் நகல் எல்லாம் அந்தப் பெட்டிக்குள். வம்பு செய்யும் கைதியைச் சிறை சிறையாக மாற்றிக்கொண்டே இருப்பதற்கு ஃபெடரல் கைதிகள் வைத்திருக்கும் பெயர் 'டீசல் தெரபி'. இன்னொன்றும் உண்டு. எழுதத் தெரியாதவர்களுக்காக மனு எழுதிக் கொடுக்கும் 'ஜெயில் வக்கீல்' ஒருவர் அநேகமாக எல்லாச் சிறையிலும் இருப்பார். அவரைத் தடை செய்யக் கூடாது என்று 1969ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, மாற்று உதவி இல்லாத இடத்தில். அந்த ஜெயில் வக்கீல் இடம் மாற்றப்பட்டால், தான் அசையாமல் அதே செல்லில் இருக்கும் கைதியின் வழக்கும் ஊமையாகிவிடும். கோர்ட் கடிதம் சரியாகவே வந்து சேரும். படித்துச் சொல்லவும் பதில் எழுதவும் ஆள் இருக்காது.

நான் திரும்பத் திரும்ப இடறுவது ஓரிடத்தில்தான். மாநிலச் சிறை ஊழியர்மீது போடப்பட்ட வழக்கில், வாதி இன்று எந்தச் செல்லில் தூங்கினார் என்பது பிரதிவாதியின் துறைக்கு நன்றாகத் தெரியும். அவர்கள்தானே பூட்டினார்கள்? பல மாநிலங்கள் கைதி இருக்கும் இடத்தை யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கும் இணையப் பக்கத்தையும் வைத்திருக்கின்றன. ஆனாலும் 'உன் புது முகவரியை நீதான் சொல்ல வேண்டும்' என்பதுதான் விதி. வாதியை எடுத்துப்போய் வேறிடத்தில் வைத்தது எதிர்த்தரப்பின் துறை. அதனால் வழக்கு போனது வாதிக்கு. சில நீதிபதிகள் தாங்களே அந்த இணையப் பக்கத்தில் தேடிப் பார்த்து மறுபடி அனுப்பச் சொல்கிறார்கள். அது அவர்கள் மனசு. கடமை என்று யாரும் வைக்கவில்லை.

நீதிமன்றங்களின் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. முகவரி தெரியாத வாதிக்காக வழக்கைக் காலவரையின்றித் திறந்துவைக்க முடியாது என்று ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 1988ல் ஒரு தீர்ப்பில் சொன்னது. காரணம் கேட்டு இன்னொரு உத்தரவு அனுப்பினால் அதுவும் தபால் துறையில் ஒரு சுற்றுப்பயணம் போய்விட்டுத் திரும்பும், அவ்வளவுதான் என்று கொஞ்சம் கிண்டலாகவே எழுதினார்கள். மறுபக்கத்தில் பெயர் சேர்க்கப்பட்ட காவலர், அவர் குற்றமற்றவராகவும் இருக்கலாம், தலைக்குமேல் வழக்கு தொங்க வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சாட்சிகளுக்கு மறந்துபோகும்.

இந்தத் தள்ளுபடிக்கு ஆதாரம் ஃபெடரல் சிவில் நடைமுறை விதி 41, உட்பிரிவு பி. வாதி வழக்கை நடத்தாவிட்டால், அல்லது விதியையோ உத்தரவையோ மதிக்காவிட்டால், தள்ளுபடி கேட்டு பிரதிவாதி மனு போடலாம் என்கிறது. பிரதிவாதி கேட்காமலே நீதிபதி தானாகச் செய்யலாமா என்பதில் விதி மௌனம். அந்த மௌனத்தை நிரப்பியது 1962ன் லிங்க் எதிர் வாபாஷ் ரயில்வே தீர்ப்பு. இதில் கைதி யாரும் இல்லை. ரயில்வே கிராசிங்கில் அடிபட்ட ஒருவர் இண்டியானாவில் 1954ல் போட்ட வழக்கு. ஆறு வருடம் இழுத்தது. 1960 அக்டோபரில் முன்விசாரணைக் கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள். வாதியின் வக்கீல் அன்று காலை போன் செய்து, இண்டியானாபோலிஸில் வேறு வழக்கு வேலையில் மாட்டிக்கொண்டேன், இன்று வர முடியாது என்றார். நீதிபதி அன்றே தள்ளுபடி செய்துவிட்டார். உச்ச நீதிமன்றம் 4க்கு 3 என்று அதை ஏற்றது: தன் வழக்குப் பட்டியலை ஒழுங்கு செய்யும் அதிகாரம் நீதிமன்றத்துக்குப் பிறவியிலேயே உண்டு, வக்கீலைத் தேர்ந்தெடுத்தது கட்சிக்காரர், ஆகவே வக்கீலின் தவறும் அவர் தலையில். நீதிபதி பிளாக் கடுமையாக மாறுபட்டார். தவறு செய்யாத மனிதரை எதற்குத் தண்டிக்கிறீர்கள் என்பது அவர் வாதம்.

நம் உச்ச நீதிமன்றம் 1981ல், ரஃபீக் எதிர் முன்ஷிலால் வழக்கில், பிளாக்கின் பக்கம் நின்றதுபோலப் பேசியது: வக்கீல் வராததற்காக ஒன்றும் அறியாத கட்சிக்காரர் அவதிப்படக் கூடாது. நம் சிவில் நடைமுறைச் சட்டத்திலும் பிரதிவாதி வந்து வாதி வராவிட்டால் தள்ளுபடிதான். ஆனால் போதிய காரணம் காட்டி 30 நாளுக்குள் அதே வழக்கை மறுபடி கோப்பில் எடுக்கச் சொல்லலாம், அதற்காகவே தனி விதி இருக்கிறது. கைதி விஷயத்தில் இந்தியாவின் வழியே வேறு. திகார் சிறையிலிருந்து சுனில் பத்ரா, சக கைதி சித்திரவதை செய்யப்பட்டதைப் பற்றி உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு எழுதிய கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு, 1979 டிசம்பரில் கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதினார். இதை வைத்து நம் சிறைகள் மேல் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். கடிதம் எழுதும் வாய்ப்பே இல்லாமல் விசாரணைக் கைதியாகக் கிடப்பவர்கள் இங்கே எத்தனை பேர் என்று தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

லிங்க் தீர்ப்புக்குப்பின் கீழ் நீதிமன்றங்கள் கண்ணை மூடிக்கொண்டு தள்ளுபடி செய்வதில்லை. மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் ஒவ்வொன்றும் ஒரு தராசு வைத்திருக்கின்றன. பென்சில்வேனியா, நியூ ஜெர்சி அடங்கிய மூன்றாவது வட்டத்தில் 1984லிருந்து ஆறு அம்சங்கள்: தவறு யாருடையது, எதிராளிக்கு என்ன நஷ்டம், தாமதம் வாதியின் வழக்கமா, வேண்டுமென்றே செய்தாரா, வேறு சின்னத் தண்டனை போதுமா, வழக்கில் சரக்கு இருக்கிறதா. ஒன்பதாவது வட்டத்தில் ஐந்து. டெக்சாஸ் இருக்கும் ஐந்தாவது வட்டம், நிரந்தரத் தள்ளுபடி என்றால் தெளிவான தாமத வரலாறோ வேண்டுமென்றே செய்த பிடிவாதமோ தெரிய வேண்டும் என்கிறது. ஏட்டில் அழகாக இருக்கிறது. கைதியின் வழக்கில் முதல் அம்சத்திலேயே ஆட்டம் முடிந்துவிடும்: அவருக்கு வக்கீல் இல்லை, அதனால் தவறு அவருடையதேதான். வக்கீல் இல்லாமை இங்கே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது.

மனு எழுதும் விஷயத்தில் மட்டும் சட்டம் இவர்களுக்கு இரக்கம் காட்டுகிறது. 1972ல் ஹெய்ன்ஸ் எதிர் கெர்னர் வழக்கில், செல்லின் தரையில் போர்வை மட்டும் விரித்துப் படுக்கவைத்ததால் கால் கோளாறு மோசமாகிவிட்டது என்று ஒரு கைதி கையால் எழுதிய மனுவை, வக்கீல் எழுதியதைப்போல் கறாராக அளக்கக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். எழுத்துப்பிழைக்கு மன்னிப்பு உண்டு, நடை சரியில்லாததற்கும் உண்டு. தேதி தவறியதற்கு அந்தத் தீர்ப்பு உதவுவதில்லை.

அபூர்வமாக மேல் நீதிமன்றம் தலையிடும். பென்சில்வேனியாவில் ஒரு கைதி முன்விசாரணைக் கூட்டத்துக்கு வரவில்லை என்று அவர் வழக்கைத் தள்ளினார்கள். அவர் வராததற்குக் காரணம் யார் என்பதிலேயே இரு தரப்புக்கும் தகராறு. அவரைக் கேட்காமலே முடித்தது தவறு என்று 2008ல் மூன்றாவது வட்டம் அதை ரத்து செய்தது. பூட்டிய கதவுக்குப் பின்னால் இருப்பவர் 'வரவில்லை' என்றால், யாராவது திறந்துவிட்டார்களா என்றும் கேட்க வேண்டும் அல்லவா?

உங்கள் உத்தரவில் 'உரிமைக்குப் பாதகமின்றி' என்ற பொருளில் ஒரு சொற்றொடர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அவர் மறுபடி வழக்குப் போடலாம். அப்படி எதுவும் எழுதாமல் விட்டிருந்தால், விதி 41ன்படி அது தகுதியின் அடிப்படையில் தீர்ந்த வழக்காகவே கருதப்படும், கதவு மூடியதுதான். அப்போதுகூட 'அவர் பொய் சொன்னார்' என்று பொருளில்லை. யாரும் விசாரிக்காத ஒன்றை விசாரித்ததாக வைத்துக்கொள்ளும் சட்டக் கற்பனை அது. கைதிகளின் வழக்கில் பெரும்பாலும் பாதகமின்றித்தான் தள்ளுகிறார்கள். வாசிக்க ஆறுதலாக இருக்கும்.

அந்த ஆறுதல் எத்தனை நாளுக்கு என்று கணக்குப் போட்டால் வேறு படம் தெரிகிறது. 1983ஆம் பிரிவுக்குத் தனிக் காலவரம்பு இல்லை. வழக்கு எழுந்த மாநிலத்தின் உடற்காய வழக்கு வரம்பையே கடன் வாங்குகிறார்கள். டெக்சாஸ், பென்சில்வேனியா இரண்டு வருடம். நியூயார்க் மூன்று. டென்னசி, கென்டக்கி ஒரே ஒரு வருடம். பாதகமின்றித் தள்ளப்பட்ட வழக்கு, காலவரம்பைப் பொறுத்தவரை பொதுவாகப் போடப்படாத வழக்குக்குச் சமம். டென்னசியில் அடி வாங்கி, குறைதீர்ப்புப் படி ஏறி, மனுப் போட்டு, சலிப்பு உத்தரவுக்குக் காத்திருந்து, கடைசியில் தள்ளுபடி ஆகும்போது ஒரு வருடம் எங்கே மிஞ்சியிருக்கும்? குறைதீர்ப்பில் போன நாட்களைப் பல நீதிமன்றங்கள் கழித்துக் கொடுக்கின்றன. கலிஃபோர்னியா கைதிகளுக்குக் கூடுதலாக இரண்டு வருடம்வரை தருகிறது. மற்ற இடங்களில் 'மறுபடி போடலாம்' என்பது திறந்த கதவு மாதிரி வரைந்த சுவர். இதை ஐந்தாவது வட்டம் நேர்மையாக ஒப்புக்கொள்கிறது: காலவரம்பு முடிந்திருந்தால் பாதகமின்றித் தள்ளியதையும் நிரந்தரத் தள்ளுபடியாகவே எடுத்துக்கொண்டு, அதற்குரிய கறாரான அளவுகோலால் பார்க்கிறார்கள்.

பணத்தை மறந்துவிடக் கூடாது. தாக்கல் கட்டணம் 350 டாலர். ஏழைக் கைதியின் கணக்கிலிருந்து முதலில் ஒரு பகுதி, பிறகு கணக்கில் 10 டாலருக்குமேல் இருக்கும்போதெல்லாம் முந்தைய மாத வரவில் 20 சதவீதம். வீட்டிலிருந்து மாதம் 20 டாலர் வருகிறது என்று வைத்துக்கொண்டால் மாதம் 4 டாலர். முழுதும் அடைக்க ஏழு வருடத்துக்குமேல். ஃபெடரல் சிறையில் சாதாரண வேலைக்கு மணிக்கு 12 முதல் 40 சென்ட்தான் கூலி. 12 சென்ட் என்றால் 350 டாலர் 2,900 மணி நேரத்துக்குமேல் உழைப்பு. டெக்சாஸ், ஜார்ஜியா போன்ற மாநிலங்களில் பெரும்பாலான சிறை வேலைக்குக் கூலியே இல்லை. இரண்டு வழக்கு இருந்தால் 40 சதவீதம் பிடிப்பார்கள், ஒன்றன்பின் ஒன்றாக இல்லை என்று 2016ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்த்தது. வழக்கு தள்ளுபடியானாலும் பிடித்தம் நிற்பதில்லை. செத்த மாட்டுக்கு வட்டி கட்டுவதுபோல.

'மூன்று ஸ்ட்ரைக்' விதி பற்றியும் ஒரு வார்த்தை. பொருளற்றது, கெட்ட எண்ணத்தில் போட்டது, சட்டப்படி வழக்கே எழவில்லை என்ற காரணங்களில் மூன்று தள்ளுபடி சேர்ந்தால், அடுத்த வழக்குக்கு முழுக் கட்டணத்தையும் முன்னாலேயே கட்ட வேண்டும்; உடனடியாகக் கடுமையான உடற்காய ஆபத்து என்றால் மட்டும் விலக்கு. வழக்கை நடத்தவில்லை என்ற தள்ளுபடி தன்னளவில் ஸ்ட்ரைக் ஆகாது என்று வாஷிங்டன் டி.சி. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2007ல் சொன்னது. ஆனால் முதல் மனு 'வழக்கே எழவில்லை' என்று தள்ளப்பட்டு, திருத்திப் போட அனுமதித்தும் போடாமல் விட்டால் அது ஸ்ட்ரைக்தான் என்று ஒன்பதாவது வட்டம் 2017ல் சொன்னது. ஆகவே கடைசிப் பக்கத்தை மட்டும் படித்தால் போதாது, அதற்கு முந்தைய உத்தரவையும் படிக்க வேண்டும்.

நீங்கள் இதைக் கேட்டதன் பின்னால் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. இருந்தால், நாட்கள் முக்கியம். தீர்ப்பு பதிவான 28 நாளுக்குள் அதை மாற்றச் சொல்லி அதே நீதிபதியிடம் மனுப் போடலாம். அதுவும் தவறினால், மன்னிக்கத்தக்க தவறு என்று காட்டி விதி 60ன்கீழ் கேட்கலாம். அதிகபட்சம் ஒரு வருடம், ஆனால் நியாயமான நேரத்துக்குள். மேல்முறையீட்டுக்கு 30 நாள். தீர்ப்பு நகலே 21 நாளுக்குள் கைக்கு வரவில்லை என்றால் அந்தக் கெடுவை மறுபடி திறக்கச் சொல்ல ஒரு வழி இருக்கிறது: கிடைத்த 14 நாளுக்குள், எப்படியும் தீர்ப்பிலிருந்து 180 நாளுக்குள். இடமாற்றத்தால் தபால் தவறியவர்களுக்கென்றே செய்து வைத்ததுபோன்ற விதி, ஆனால் தெரிந்தவர்கள் குறைவு. மனுவில் மன்றாட்டைவிட ஆதாரம் பேசும்: எந்தத் தேதியில் எந்தச் சிறையிலிருந்து எங்கே மாற்றினார்கள், பெட்டி எப்போது வந்தது, எத்தனை நாள் தனிமைச் சிறை.

வழக்கு இன்னும் உயிரோடு இருப்பவருக்கு என்றால் வேலை இன்னும் எளிது. புது இடத்துக்குப் போன அன்றே, வெள்ளைக் காகிதத்தில் நான்கு வரி போதும்: வழக்கு எண், பெயரும் கைதி எண்ணும், பழைய முகவரி, புது முகவரி. தேதியும் கையெழுத்தும் போட்டு, கோர்ட் கிளார்க் பெயருக்கு உறையிட்டு, சிறையின் தபால் அதிகாரி கையில் கொடுக்க வேண்டும். மேல்முறையீட்டு மனுவைச் சிறை அதிகாரியிடம் ஒப்படைத்த நாளே தாக்கல் நாள் என்று 1988ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கோர்ட்டுக்கு அனுப்பும் மற்றக் காகிதங்களுக்கும் அதே விதியைக் கீழ் நீதிமன்றங்கள் பொதுவாக நீட்டித்திருக்கின்றன. எனவே கொடுத்த தேதியைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளட்டும். வழக்கு எண்ணைப் பெட்டிக்குள் இருக்கும் காகிதத்தில் மட்டும் வைத்திருக்க வேண்டாம். வீட்டில் ஒருவரிடம் போனில் சொல்லி எழுதி வைக்கச் சொல்லட்டும்.